ஹெலன் கதையில் வருகிற ஆள்

பொண்டாட்டி எழுதிய கதையைப் படிக்காமலே "சூப்பர்" என்று சொன்ன புருஷன்மார் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். ஆனால் நாலு பேர் கூடிய இடத்தில், முன்வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்து மாட்டிக்கொண்டவன் ஸ்டீவன்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டுகிற ஒரு ரோலிங் மில்லில் ஸ்டீவன் ஷிப்ட் சூப்பர்வைசர். அவன் அப்பா அதே பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். நிலம் போய் ஆலை வந்ததும் ஸ்டீவன் காண்ட்ராக்ட் ஆளாக உள்ளே நுழைந்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்பித் திருப்பியே பர்மனென்ட் ஆனான். குடி கிடையாது, கை நீட்டும் பழக்கம் கிடையாது, ஞாயிறு பூசையை விட்டது கிடையாது. தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். அதில் அவனுக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

மனைவி ஹெலன் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள். மகள் ஜெனிபர் நர்சிங் படிக்க விடுதிக்குப் போன பிறகு ஏதோ எழுத ஆரம்பித்தாள். ஒரு சின்னப் பத்திரிகையில் அவள் கதை வந்தது. ஸ்டீவன் பேரைப் பார்த்தான், போட்டோவைப் பார்த்தான், சூப்பர் என்றான், தூங்கப் போனான். நைட் ஷிப்ட் வாரம், பாவம் அவனும் என்ன செய்வான்.

திருவள்ளூரில் ஒரு வாசகர் வட்டத்துக்காரர்கள் அந்தக் கதையைப் பற்றிப் பேச ஹெலனைக் கூப்பிட்டார்கள். சால்வை போடுவார்கள், காபி கொடுப்பார்கள், வந்துவிடலாம் என்றுதான் ஸ்டீவன் கூடப் போனான். வட்டத்தை நடத்துகிற பங்கஜவல்லியம்மாள் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. பெருமாள் கோயில் கைங்கர்யக் குடும்பம். பலகையில் கரு, பாத்திரம், குறியீடு என்று மூன்று சொல்லை எழுதிவிட்டு, கதையைச் சுருக்கமாகச் சொன்னார்.

நைட் ஷிப்ட் போகிற ஒருவனின் மனைவி. அவன் பகலில் தூங்குகிற வாரங்களில் வீட்டில் சத்தமே வரக்கூடாது. குக்கரில் வெயிட் போடமாட்டாள். பானையில்தான் சோறு வடிப்பாள். தையல் மெஷினை மிதிக்கமாட்டாள். மீன்காரம்மாகூட அந்த வாசலில் கூவாமல் கையைத்தான் காட்டுவாள். நாளாக நாளாக, அவன் பகல் ஷிப்ட் போகிற வாரத்திலும் அவளுக்குக் குரல் எழும்பாமல் போகிறது. ஒரு நாள் நட்டநடுப் பகலில், அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, அவள் குக்கரில் வெயிட்டைப் போடுகிறாள். விசில் அடிக்க அடிக்க, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறாள். கதை முடிந்தது.

'இது நம்ம ஊடாச்சே' என்று ஸ்டீவனுக்கு உச்சியிலிருந்து வியர்த்தது. திரும்பி ஹெலனைப் பார்த்தான். அவள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குக்கர் விசில்தான் குறியீடு. அவ அடக்கி வெச்ச குரல் அது" என்றார் லக்ஷ்மண் என்ற கல்லூரி வாத்தியார். இன்னொருவர், இல்லை, அது எச்சரிக்கை என்றார். ஸ்டீவனுக்குத் தலை சுற்றியது. மில்லில் சங்கு ஊதினால் தலைக்கு மேல் கிரேன் வருகிறது, ஒதுங்கு என்று ஒரே அர்த்தம். ஆளுக்கொரு அர்த்தம் வைத்திருந்தால் இந்நேரம் எத்தனை தலை போயிருக்கும்!

"பாத்திரத்துக்கு வருவோம்" என்றார் பங்கஜவல்லியம்மாள். "அந்தக் கணவன் கெட்டவனே இல்லை. கதை முழுக்க ஒரு வார்த்தை திட்டலை. தூங்கறான், அவ்வளவுதான். அதுதான் எனக்குப் பயமா இருந்தது."

கெட்டவன் இல்லை என்பதில் சந்தோஷப்படுவதா, பயம் என்பதில் வருத்தப்படுவதா என்று ஸ்டீவனுக்குப் பிடிபடவில்லை. அதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிற்று. அவள் எங்கே போனாள்? அம்மா வீட்டுக்கு என்றார் ஒருவர். சும்மா காற்றாட என்றார் இன்னொருவர். "திரும்பி வரமாட்டா" என்று லக்ஷ்மண் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். ஹெலனைக் கேட்டபோது, "எனக்குத் தெரியலீங்க" என்றாள். எல்லோரும் ஸ்டீவன் பக்கம் திரும்பினார்கள்.

"முதல் வாசகர் நீங்கதானே. நீங்க என்ன நினைக்கறேள்?" என்று கேட்டார் பங்கஜவல்லியம்மாள்.

"சூப்பருங்க" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

ஊர் திரும்பும்போது, பெரியபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஹெலன் மடியில் சால்வையை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். 'நீ போயிடுவியா?' என்ற கேள்வி ஸ்டீவன் தொண்டை வரை வந்தது. வாயில் வந்தது, "வேர்க்கடலை துன்றியா?"

அடுத்த வாரம் நைட் ஷிப்ட்டில், மில்லில் டீ நேரத்தில் கதையை ஒரு தடவைக்கு மூன்று தடவை படித்தான். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது. கூட்டாளி சுப்பராயன், மெயின்டனன்ஸ் ஃபிட்டர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இன்னாத்துக்குப் பேஜாராவற? ஒய்-ஒய் போட்டுப் பாரேன்" என்றான்.

ஒய்-ஒய் என்பது மில்லில் வேதம். மெஷின் நின்றால் ஏன் என்று கேட்க வேண்டும். வருகிற பதிலுக்கும் ஏன் என்று கேட்க வேண்டும். இப்படியே போனால் அடிவேர் கிடைக்கும். அதில் ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. எந்த ஆளையும் காரணமாகக் காட்டக்கூடாது. ஆளைக் குற்றம் சொன்னால் ஆராய்ச்சி அங்கேயே செத்துவிடும், முறையில்தான் கோளாறைத் தேட வேண்டும் என்று ஸ்டீவனே புதுப்பையன்களுக்குப் பாடம் எடுப்பான்.

"அவ ஏன் போனா?" என்றான் சுப்பராயன்.

"சத்தம் போட முடியல."

"ஏன் முடியல?"

"அந்தாளு தூங்கறான்."

"பகல்ல ஏன் தூங்கறான்?"

"நைட் ஷிப்ட்டு."

"நைட் ஷிப்ட்டு ஏன்?"

"ஃபர்னஸ அணைக்க முடியாதுல்ல."

"அவ்ளோதான் மச்சான், முட்ஞ்சிச்சு! ஃபர்னஸு மேலதான் தப்பு."

ஸ்டீவன் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. கோளாறு தெரிந்தால் மாற்றுவழி வேண்டும். அதையும் ஷிப்ட் முடிவதற்குள் யோசித்துவிட்டான். காலையில் வீட்டுக்குப் போனபோது ஹெலன் பானையில் உலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஹெலன், கண்டுபுட்ச்சிட்டேன். அந்தாளு மேல தப்பே இல்ல. நைட் ஷிப்ட்டாலதான் எல்லாம். இனிமே நீ குக்கர் வையி, மெஷின மிதி. நான் காதுல பஞ்சு வெச்சிக்கினு படுத்துக்கறேன்."

ஹெலன் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு. சிரித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது.

"அப்பவும் தூங்கத்தான் போறீங்க."

போட்ட கணக்கெல்லாம் தப்பாகிவிட்டது என்று மட்டும் ஸ்டீவனுக்குப் புரிந்தது. எந்த இடத்தில் தப்பு என்று தெரியவில்லை. பயம்தான் மிஞ்சியது. அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேவிட்டான்.

"அப்போ அவ எங்கதான் போனா? நெஜத்த சொல்லு. நீ என்னை வுட்டுட்டுப் போயிடுவியா?"

"அங்கயும் எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க, நீங்களும் அதையே கேக்கறீங்க. அவ்ளோ விசில் அடிச்சிச்சே, அந்தாளு எழுந்தானான்னு ஒருத்தரும் கேக்கலியே."

ஸ்டீவன் அதையும் கேட்டான். "எழுந்தானா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள் ஹெலன். "சத்தம் வராம செய்யற வேலைன்னு எனக்கு எழுதறது ஒண்ணுதான் இருந்துச்சு. நான் எழுதி முடிச்சப்போ நீங்க தூங்கிக்கினு இருந்தீங்க."