கிணத்து மூலை விரால்

போன வருஷம், வைகாசிப் பாதியில வர்ற இடவப்பாதி மழை பிடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னால நடந்தது இது. மீனாட்சிபுரத்துப் பக்கம், டேம்ல பரிசல் போட்டு மீன் பிடிக்கிற குடும்பம் எங்களுது. வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்ததுல இருந்து துடுப்பு என் கைக்கு வந்துடுச்சு.

டேம் கட்டறதுக்கு முன்னால தோட்டமா இருந்த இடம் ஒண்ணு, தண்ணியோரமா இருக்கு. பழைய கிணறு ஒண்ணு உள்ள முங்கிக் கிடக்கும். சுத்தியும் பாசி, முட்டியளவு தண்ணி. மழைக்கு விரால் அங்கதான் வந்து முட்டை வெக்கும். அவர் எனக்கு மட்டும் காட்டின இடம்னு நெனச்சிருந்தேன். பிள்ளைங்க படிப்பு, அவருக்கு மருந்து எல்லாம் அந்த மூலையை நம்பித்தான்.

ஆனா விரால் வருஷா வருஷம் கொறஞ்சுட்டே வந்தது. பிஷரீஸ் ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா வந்து எங்க மீனவர் சங்கத்தைக் கூட்டினாங்க. மீன் முட்டை வெக்கற இடம் உங்களுக்குத்தான் தெரியும், சொன்னீங்கன்னா மழை முடியற வரைக்கும் அங்க யாரும் வலை போடாம நாமளே பாத்துக்கலாம்னாங்க. ஒருத்தரும் வாயைத் திறக்கல. கடைசியில அந்தம்மாவே ஓடை வந்து விழற இடத்தைச் சொல்ல, எல்லாரும் சரி சரின்னு தலையாட்டிட்டாங்க.

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! இத்தனை வருஷம் தண்ணியிலயே கெடக்கறாங்க, அது தப்பான இடம்னு ஒருத்தருக்குக்கூடவா தெரியாது? சொன்னா என் வயித்துல அடி. சொல்லலைன்னா விரால் இனமே போயிரும். மனசு கேக்காம எந்திரிச்சு, "அங்க இல்லீங்க, கிணத்து மூலைலங்க"ன்னு படபடன்னு சொல்லிட்டு, அழுகையை அடக்கிட்டு நின்னேன்.

யாரும் ஆச்சரியப்படல. வலை போடற இடத்துக்காக எந்நேரமும் என்கூட மல்லுக்கட்டற ஆளுதான் மெதுவாச் சொன்னாரு.

"அது எங்க எல்லாத்துக்கும் தெரியுமுங்க அக்கா. அண்ணன் படுத்ததுல இருந்து அந்தப் பக்கம் யாரும் பரிசலைத் திருப்பக் கூடாதுன்னு பேசி வெச்சிருந்தோம். நீங்க சொல்லாம நாங்க எப்படீங்க சொல்றது?"

அடக் கடவுளே! அப்படியே உக்காந்து அழுதுட்டேன். அந்த மழைக்கு மூலையை எல்லாரும் சேர்ந்து வலை போடாம விட்டுட்டோம். மழை முடியற வரைக்கும் ஆளாளுக்கு அவங்கவங்க இடத்துல என்னை வலை போட விட்டாங்க. அந்த மல்லுக்கட்டற ஆளும்தான், முணுமுணுத்துக்கிட்டே.

இப்பெல்லாம் கூட்டத்துல யாராவது வாயை மூடிட்டு உக்காந்திருந்தா எனக்குக் கோபம் வர்றதில்லை; யாருக்காகப் பேசாம இருக்காங்களோன்னுதான் தோணுது.