ரெண்டு காதும் தெரியணும்

நன்றாக இருக்கிற முகத்தை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிற முகமாக மாற்றித் தருவதுதான் போட்டோ ஸ்டுடியோ தொழில். நம்பாதவர்கள் தங்கள் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் முழித்துக்கொண்டிருக்கும் ஆள் நீங்கள்தான் என்று சொன்னால் பெற்ற தாயே ஒரு நிமிஷம் யோசிப்பார். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. கம்பத்தில் குமுளி ஜீப்புகள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். ஸ்டூலில் உட்கார வைத்து எடுக்கிற பாஸ்போர்ட் சைஸ் என் இலாகா. படம் பிடிப்பது பொம்பளை என்பதால், பெண்பிள்ளைகளைக் கூடலூர் முதல் உத்தமபாளையம் வரைக்கும் உள்ள தாய்மார்கள் என்னிடம்தான் கூட்டி வருவார்கள்.

ஆணியில் தொங்கிய கோட்டு

கடையில் ஒரே ஒரு கோட்டு இருந்தது. என் வீட்டுக்காரர் தன் கல்யாணத்துக்குத் தைத்தது. அதற்கடுத்த வருஷமே அவருக்குப் பொத்தான் எட்டவில்லை என்பதால் வாடிக்கையாளர்களுக்கு ஆகட்டும் என்று ஆணியில் மாட்டிவிட்டோம். ஒல்லியான ஆளுக்கு முதுகுப் பக்கம் துணி கிளிப் போட்டு இறுக்குவேன். தடித்த ஆளுக்கு முன்பக்கம் மட்டும் சாத்தி, மூச்சு விடாதீர்கள் என்பேன். பள்ளத்தாக்கில் பாதி மாப்பிள்ளைகள் பெண் வீட்டுக்கு அனுப்பிய படத்தில் இருந்தது அந்தக் கோட்டுதான்.

ரெண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் டிஜிட்டல் கேமராவும் கம்ப்யூட்டரும் வந்து கோட்டுக்கு ஓய்வு கொடுத்தன. பனியனோடு வந்து உட்கார்ந்தாலும் கழுத்துக்குக் கீழே கோட்டும் டையும் ஒட்டிக் கொடுக்க ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர். சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர், கொடிக்கு மருந்தடித்த கையோடு வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். கேட்காமலே அவருக்கும் ஒரு கோட்டை ஒட்டிவிட்டார் இவர். மறுநாள் வந்தவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எல்லாஞ் சரி ஆத்தா, இந்தக் கோட்டுக்காரன் யாரு? எந்தலைய எதுக்கு இவன்கிட்டக் குடுத்தீக?”

துருக்கி வரைக்கும் போன பேச்சு

அந்தச் சமயத்தில் பக்கத்து அரசுக் கல்லூரிக்குப் புது பிரின்சிபால் வந்தார். சென்னைப் பக்கத்துக்காரர். பரீட்சை விண்ணப்பத்தில் ஒட்டுகிற படத்தில் ரெண்டு காதும் தெரியவேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. முக்காடு போட்ட பிள்ளைகளின் படமும் கேள்வி இல்லாமல் போய்க்கொண்டுதான் இருந்தது. புதியவர் அந்தக் காதைப் பிடித்துக்கொண்டார். முக்காட்டோடு உள்ள படத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். இது அரசாங்க இடம், வகுப்பிலும் அதை எடுத்துவிட்டு உட்காருவதுதான் முறை என்று கூட்டம் போட்டுப் பேசினார். துருக்கியில் பல்கலைக்கழகத்துக்குள் முக்காட்டை விடுவதில்லை என்று பேப்பரில் வந்ததை வாசித்தும் காட்டினாராம்.

அதுவரை கம்பத்தில் துருக்கி என்றால் குளித்துவிட்டுத் துவட்டுகிற டவல்தான். மறுநாளிலிருந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் துருக்கி மந்திரிகள் ஆகிவிட்டார்கள். இங்கேயும் தடை போடவேண்டும் என்று பாதிப் பேர், போட்டுத்தான் பார்க்கட்டுமே என்று மீதிப் பேர். ரெண்டு கட்சியிலும் காலேஜுக்குப் போகிற பெண்ணைப் பெற்றவர் ஒருவர்கூட இல்லை.

பெண்ணைப் பெற்றவர் காதர் அண்ணன். குமுளிக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர். மகள் ஷமீமா அந்தக் கல்லூரியில் கணக்குப் பாடம், கடைசி வருஷம். அவர்கள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள். முக்காட்டை எடுக்க அவளுக்குச் சம்மதமில்லை. அப்பா சொல்லி வந்த பிடிவாதமும் இல்லை, அவளுடையதுதான். கையெழுத்து இல்லையென்றால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லையென்றால், பெண் கேட்டு வந்திருக்கிற இடத்துக்குச் சரி சொல்லிவிடலாம் என்று அவள் அம்மா காத்துக்கொண்டிருந்தாள். காதர் அண்ணனிடம், துருக்கியிலே இப்படியாமே என்று விசாரித்தேன். அவர் ஜீப் சாவியைச் சுழற்றிக்கொண்டே சொன்னார்: “துருக்கில என்ன சட்டமோ தங்கச்சி, நம்ம ஜீப்பு குமுளியத் தாண்டுறதில்ல. எம்புள்ள பரீச்ச எழுதணும், அம்புட்டுத்தான்.”

ஒட்டுக் காது

வழியும் அவரே கண்டுபிடித்தார். “கோட்டு இல்லாதவுகளுக்கெல்லாம் கோட்டு மாட்டி விடுறீக. எம்மகளுக்கு ரெண்டு காது மாட்டி விட முடியாதா?” என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. செய்யலாமா கூடாதா என்பதெல்லாம் அவருக்குப் பிறகுதான் தோன்றும், முதலில் செய்து பார்க்கவேண்டும். கம்ப்யூட்டரில் இருந்த காதுகளை எல்லாம் தேடினார். முதலில் கிடைத்தது ஒரு கல்யாணப் பெண்ணின் காது, ஜிமிக்கி மாட்டலோடு. அதை ஒட்டினால் ஷமீமா பரீட்சைக்குப் போவதுபோல் இல்லை, முகூர்த்தத்துக்குப் போவதுபோல் இருந்தது. அடுத்து ஒரு கூடலூர் வாத்தியாருடைய காது. அதில் முடி இருந்தது.

கடைசியில் காதர் அண்ணனே ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து தன் ரெண்டு காதையும் மகளுக்குக் கொடுத்தார். அப்படியும் இப்படியும் திருப்பி நான்தான் பிடித்தேன். முக்காட்டுத் துணிக்கு வெளியே, வெயிலில் கறுத்து முரடான ரெண்டு காது முளைத்து நின்றது. ஒரு வாரமாகச் சிரிக்காத பிள்ளை ஸ்கிரீனைப் பார்த்து, கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தாள். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: “இத ஒட்டிக்கிட்டுப் போனா தேக்கடிக் கரடிதான் அத்தா என்னப் பொண்ணு கேட்டு வரும்.”

கம்மலும் சேர்த்து

ஷமீமாவின் வகுப்பிலேயே, அவள் தெருவிலேயே பர்வீன் என்று ஒரு பெண். அவளும் படத்துக்கு வந்தாள், தனியாக. உள்ளே வந்ததும் திரையை இழுத்துவிட்டு, முக்காட்டில் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். கண்ணாடியில் கயிறு போட்டுக் கட்டியிருக்கிற எங்கள் கடைச் சீப்பை எடுத்துத் தலை வாரினாள், வாரினாள், வாரிக்கொண்டே இருந்தாள். வெளியே ஆள் காத்திருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. உட்கார்ந்ததும், “காது நல்லாத் தெரியட்டும்க்கா, கம்மலும் சேத்து” என்றாள்.

தெருவே பிரின்சிபாலைத் திட்டிக்கொண்டிருக்கிறதே, நீ என்ன சந்தோஷமாக வந்து உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் கோபப்படவில்லை. ஊசிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னாள்: “எனக்கும் அவரப் பிடிக்காதுக்கா. ஆனா எங்க வீட்ல முக்காடு போடமாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் கெடையாது, அவருக்கு இருக்கு.”

சாமிமார் வந்தாக

கார்த்திகை பிறந்தது. குமுளி ரோடு முழுக்க சபரிமலை வண்டிகள். அதே கல்லூரியிலிருந்து அதே விண்ணப்பத்துக்குப் பையன்கள் வந்து உட்கார்ந்தார்கள். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, புதருக்கு நிகரான தாடி, நெற்றி தெரியாத அளவுக்குச் சந்தனம். தாடிக்குள் யார் இருக்கிறார்கள் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஆனால் காது தெரிந்தது. எல்லாப் படத்திலும் கையெழுத்து விழுந்தது. ஷமீமாவுடைய இடம் மட்டும் காலியாகவே இருந்தது.

மிச்சப் படங்களை வாங்கிப் போக வந்த கல்லூரி கிளார்க்கிடம், அரசாங்க இடத்தில் மதம் தெரியக்கூடாது என்றால் இந்தத் துளசி மாலையும் சந்தனமும் என்ன கணக்கு சார் என்று கேட்டேன். மாலை போட்டிருந்த என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டார். கிளார்க்கும் மாலை போட்டிருந்தார். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: “அது மதம் இல்லம்மா, சீசன். ஜோதி பாத்துட்டு வந்தா தன்னால எறங்கிரும்.”

தலையை மட்டும்

தை பிறந்து, விண்ணப்பத்துக்குக் கடைசி நாளும் நெருங்கியது. ஷமீமா தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். திராட்சைத் தோட்டத்துப் பெண்கள் வேலை செய்யும்போது துண்டைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் இறுக்கிக் கட்டுவார்கள். அதே மாதிரி முக்காட்டைக் கட்டினாள். முடி தெரியவில்லை, ரெண்டு காதும் தெரிந்தது. காதர் அண்ணன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, காது தெரிந்தால் குற்றமில்லை, கம்மலைக் கழற்றினால் அது வெறுங்காதுதானே என்று தீர்ப்புச் சொன்னார். பிரின்சிபால் அதையும் திருப்பி அனுப்பினார். காது இருக்கிறது சரி, துணியும் இருக்கிறதே என்றாராம்.

அன்று சாயங்காலம் ஷமீமா விண்ணப்பத்தோடு எங்கள் கடைக்கு வந்து, தலை சீவுகிற திரைக்குப் பின்னால் இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்தாள். அழவில்லை. இனி என்ன செய்வதென்று எனக்கும் தெரியாமல் டீ வாங்கிக் கொடுத்தேன். டீ ஆறுவதற்குள் வாசலில் வந்து நின்றவர் பிரின்சிபால். ஏதோ மாநாட்டு மலருக்கு அவருடைய படம் வேண்டுமாம். உட்கார வைத்துப் பிடித்தேன். மனிதருக்கு முன்மண்டையில் முடி என்று சொல்ல ஒன்றும் இல்லை. என் லைட் அங்கே போய் விழுந்து, ஸ்கிரீனில் நெற்றிக்கு மேலே இன்னொரு பல்பு எரிந்தது. அவர் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தி என் வீட்டுக்காரரிடம், “முகத்துல ஒண்ணும் தொடாதீங்க. தலையை மட்டும் கொஞ்சம் மறைச்சு விட்டுடுங்க” என்றார்.

என் வீட்டுக்காரர் மறைத்தார். முடி கொடுத்தவர் அதே கூடலூர் வாத்தியார், இந்தத் தடவை தலையிலிருந்து. பிரின்சிபாலுக்கு முகமெல்லாம் சந்தோஷம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. “சார், இது நீங்கதானான்னு நாளைக்கு யாராச்சும் கேட்டா?” என்றேன். “முகம் நல்லாத் தெரியுது இல்ல, அப்புறம் என்ன?” என்றார் அவர். திரை விலகியது. ஷமீமா வந்து, கவுண்டரில் தன் விண்ணப்பத்தை வைத்தாள். “எனக்கும் முகம் நல்லாத் தெரியுது சார்” என்றாள்.

அவர் அவள் படத்தைப் பார்த்தார். ஸ்கிரீனில் வாத்தியார் முடியோடு இருந்த தன்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கத் தெரியாத நான் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தேன். பையிலிருந்து பேனாவை எடுத்து, படத்தின் ஓரத்தில் ஏறுகிற மாதிரி கையெழுத்துப் போட்டார். “கிளாஸ்ல போடறதைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்” என்று அவளிடம் விறைப்பாகச் சொன்னார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, குரலைத் திரும்பத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “அந்த வகிடு மட்டும் இடது பக்கம் வந்தா நல்லா இருக்குமே.”

அடைபட்ட வழி

ஷமீமா பரீட்சை எழுதினாள். காதர் அண்ணன் குமுளியிலிருந்து ஒரு பலாப்பழத்தை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார், சந்து முழுக்க மணத்தது. வகுப்பில் முக்காடு கூடாது என்ற உத்தரவை யாரும் வாபஸ் வாங்கவும் இல்லை, யாரும் அமல்படுத்தவும் இல்லை. பிரின்சிபாலுக்கு மாற்றல் வந்ததும் அது அவரோடு போய்விட்டது. டீக்கடை பெஞ்சில் ரெண்டு கட்சிக்காரர்களும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்றார்கள். நானும் ஒரு வாரம் தலைகால் தெரியாமல் பலாச்சுளை தின்றுகொண்டிருந்தேன்.

அப்போது பர்வீன் வந்தாள். இந்தத் தடவை அம்மாவோடு. அம்மா வாசலில் நிற்க, அவள் மட்டும் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவதற்குப் படம். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் இறுக்கி, ஷமீமா கட்டியது மாதிரியே கட்டியிருந்தாள். காதில் கம்மல் இல்லை. சீப்பு பக்கமே போகவில்லை. ஏன் இப்படி என்று கேட்டிருக்கவேண்டாம், கேட்டேன். அவள் சொன்னதை நினைத்தால் இன்றுவரை வருத்தமாகத்தான் இருக்கிறது: “அவளுக்கு முக்காட்டோட கையெழுத்துக் கெடச்சிருக்கு, ஒனக்கு மட்டும் எப்பிடிக் கெடைக்காமப் போச்சுன்னு எங்கம்மா கேக்குது. அவளுக்கு ஒரு வழி பண்ணிக் குடுத்து, எனக்கு இருந்த ஒரே வழிய அடச்சுட்டீகளேக்கா.”

தலையில் துணியைப் போடு என்றவர்களையும் எடு என்றவர்களையும் இந்தக் கடையில் நிறையப் பார்த்துவிட்டேன், அந்தத் தலைக்குச் சொந்தக்காரியிடம் ‘உனக்கு எப்படிம்மா வேணும்?’ என்று கேட்ட ஒரே ஆள் நான்தான், அதுவும் பாஸ்போர்ட் சைஸா ஸ்டாம்ப் சைஸா என்று தெரிந்துகொள்வதற்காக.