இடது பக்கத்து வயலின்

"இதுலயும் வயலின் வரலை" என்று ஹெட்போனைக் கழற்றி கடை மேஜைமேல் வைத்தார் எங்காத்துக்காரர்.

அது மூன்றாவது ஹெட்போன். இடம், காந்தி ரோட்டில் பட்டுப் புடவைக் கடைகளுக்கு நடுவே ஒண்டிக்கொண்டிருக்கும் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடை. கடைக்காரர் முகத்தில் சிரிப்பு குறைய ஆரம்பித்திருந்தது. எனக்கோ, பேசாமல் பக்கத்துக் கடையில் புடவை பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம் என்று இருந்தது.

ஹெட்போன் எதற்கு என்று கேட்கிறீர்களா? எங்கள் பெண் ப்ளஸ் டூ. அந்த வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? கேபிள் கட். குக்கர்கூட பயந்து பயந்துதான் விசில் அடிக்கும். இவருக்கோ, ஸ்கூலில் நாள் முழுக்கக் கணக்கு நடத்திவிட்டு வந்தால் ஒரு கச்சேரி கேட்டாக வேண்டும். கொஞ்ச காலமாக வால்யூம் வேறு ஏறிக்கொண்டே போயிற்று. "அப்பா, பிசிக்ஸ் படிச்சா பல்லவிதான் மனசுல நிக்கறது" என்று பெண் அழுத அன்று முடிவு செய்தோம்.

இவர் ஒரு பொருள் வாங்குவது என்றால் லேசில் முடியாது. கத்தரிக்காயையே திருப்பித் திருப்பிப் பார்ப்பவர். "சினிமாப் பாட்டுக்கு எது வேணா போதும். நமக்கு தம்பூரா தனியா கேக்கணும், வில்லோட இழைப்பு கேக்கணும்" என்று சொல்லி, வீட்டிலிருந்தே ஒரு சிடியைக் கொண்டுவந்திருந்தார். மனப்பாடமான கச்சேரி. பாடுபவர் குரல் நடுவில், வயலின் இடது பக்கம், மிருதங்கம் வலது பக்கம். அப்படித்தான் பதிவு செய்திருக்கிறார்கள்.

"எல்லாம் டூப்ளிகேட்" என்றார் இவர்.

"இன்னா சார் நீங்க... மூணும் வேற வேற கம்பெனி. மூணுலயும் ஒரே பக்கம் எப்படி சார் போவும்? டூப்ளிகேட் வெச்சிக்கினு இந்த ரோட்ல கடை நடத்த முடியுமா?" என்ற கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க ஒரு வாட்டி போட்டுப் பாருங்க."

போட்டேன். இடது காதில் வயலின் இழைந்துகொண்டிருந்தது. ஒரு குறையும் இல்லை.

"ஏன்னா, வருதே" என்றேன். நான் ஏதோ கடைக்காரரோடு கூட்டுச் சேர்ந்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார்.

கடைக்காரர் குரலைத் தணித்துக்கொண்டார். "சார், கோச்சிக்காதீங்க. மாத்திப் போட்டுப் பாருங்க. லெஃப்ட் ரைட்ல, ரைட் லெஃப்ட்ல."

மாற்றிப் போட்டார். சட்டென்று முகம் மலர்ந்தது. "இதோ... வயலின் வருது."

நானும் மூச்சு விட்டேன். ஆனால் அவர் கண் மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். மெல்ல மெல்ல அந்த மலர்ச்சி வடிந்தது.

"மிருதங்கம் எங்கே?" என்றார்.

கடைக்காரர் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார். கோளாறு ஹெட்போனில் இல்லை, இவருடைய இடது காதில் என்று எனக்குப் புரிந்துவிட்டது. காது போனதே என்றா கவலைப்பட்டேன்? சத்தியமாக இல்லை. எனக்கு அந்த நிமிஷம் ஞாபகம் வந்தது சம்பத்.

சம்பத் இவருடைய பால்ய சிநேகிதர். போஸ்ட் ஆபீசில் வேலை. சின்னக் காஞ்சிபுரத்தில் இருவருக்கும் ஒரே தெரு. கோயிலில் பாசுரம் சொல்லும் கோஷ்டியைப் பார்த்திருப்பீர்கள். எதிரெதிராக இரண்டு வரிசை. இந்த வரிசை இரண்டு அடி சொன்னால், அந்த வரிசை அடுத்த இரண்டு அடி. மீசை முளைக்காத காலத்திலிருந்து இவருக்கு இடது பக்கம் சம்பத்துக்குத்தான். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். முதல் அடியை எடுத்துக் கொடுப்பது இவர்.

போன வைகாசி உற்சவத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து இவருக்கு ஒரு சந்தேகம். சம்பத் வாயை மட்டும் அசைக்கிறான், குரலே வரவில்லை என்று. வீட்டில் என்னிடம் புலம்பியதோடு நிறுத்தியிருந்தால் தேவலை. ஒரு நாள் கோஷ்டி முடிந்து பிரசாதம் கொடுக்கும்போது, எல்லோருக்கும் நடுவில் சொல்லிவிட்டார்: "கோயில் இட்லிக்குத் திறக்கற வாய் பாசுரத்துக்கும் திறக்கணும், சம்பத்."

நாலு பேர் சிரித்தார்கள். சம்பத் கையில் வாங்கிய இட்லியைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் கோயிலுக்கு வருவார், பெருமாளைச் சேவிப்பார், கோஷ்டி தொடங்குமுன் கிளம்பிவிடுவார். எதிரில் வந்தால் தெருவின் அந்த ஓரம். "குத்தமுள்ள நெஞ்சு, அதான் ஓடறான்" என்றார் இவர். நானும் நம்பினேன். கணக்கு வாத்தியார் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

கடையிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பினோம். எப்போதும்போல ஒருக்களித்து உட்கார்ந்து, அவருடைய இடது தோள் பக்கம் பேசிக்கொண்டே வந்தேன். பதில் இல்லை. இத்தனை நாளும் இப்படித்தான். பெண்டாட்டி பேச்சுக்கு எந்தக் கணவர்தான் பதில் சொன்னார் என்று விட்டிருந்தேன். அன்றைக்குத்தான் உறைத்தது... எவ்வளவு நாளாக இந்த மனுஷர் காதில் விழாமல் பேசிக்கொண்டிருக்கிறேன்?

காது டாக்டர் சோதனை எல்லாம் செய்துவிட்டு, வேறு விபரீதம் எதுவும் இல்லை என்றார். அந்த மட்டும் பெருமாள் காப்பாற்றினார். ஆனால் இடது காதின் நரம்பு போனது போனதுதான். வலது காது நன்றாக இருப்பதால் தெரியாமலே இருந்திருக்கிறது. இடது பக்கம் இருப்பவர் பேசினால், அதுவும் வலது பக்கம் சத்தமாக இருந்தால், சுத்தமாக விழாது.

சுத்தமாக விழாது. அந்த வார்த்தையைக் கேட்டபோது இவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த காது படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தும் இவர் சம்பத் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. இவராகச் சொல்கிறாரா, இல்லை அப்படியே முழுங்கிவிடப் போகிறாரா? அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சாம்பாருக்கு உப்புப் போட்டேனா என்பதுகூட எனக்கு நிச்சயமில்லை. இவர் முழுங்கிவிட்டால் நான் என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை.

கடைசியில் ஒரு நாள், காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "அவன் சொல்லிண்டுதான் இருந்திருக்கான், இல்லையா?"

"ஆமாம்" என்றேன். ஆறுதல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அன்று சாயங்காலமே சம்பத் வீட்டுக்குப் போனோம். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வாங்கோம்மா" என்றார், எனக்கு மட்டும். இவரை உட்காரச் சொல்லவில்லை. இவர் நின்றார். சம்பத் அவருக்கு இடது பக்கம்; வலது பக்கம் ஜன்னல் வழியே தெரு இரைச்சல். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே சம்பத் கேட்டார், "இன்னும் சொல்றதுக்கு என்ன பாக்கி?"

இவர் பேசாமல் நின்றார். சம்பத் நிமிர்ந்தார், கோபமாக. இவர் என் பக்கம் திரும்பி, "ஏதாவது சொன்னானா?" என்று கேட்டார்.

சம்பத்தின் கையிலிருந்த பேப்பர் இறங்கியது.

இவர் எல்லாவற்றையும் சொன்னார். ஹெட்போன், வயலின், டாக்டர். "உன் குரல் வராம இல்லைடா. எனக்குக் காதுதான் இல்லை. மன்னிச்சுடு."

சம்பத் எழுந்து, சுற்றி வந்து, இவருடைய வலது பக்கம் நின்றுகொண்டார். "நாலு பேருக்கு நடுவுல சொன்னே. என் மாப்பிள்ளை நின்னுண்டிருந்தான். இங்க வந்து தனியா சொன்னா ஆச்சா?"

"அங்கயே சொல்றேன்."

"யோசிச்சுக்கோ. ஒரு காது கேக்காதுன்னு தெரிஞ்சா, அடியெடுத்துக் கொடுக்க வேற ஆளைப் பார்ப்பா."

இவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்வானேன், எனக்குமே பயமாக இருந்தது. இவருக்கு அந்த இடம்தான் கௌரவம், சம்பளம், பிரமோஷன் எல்லாம். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டார்.

அடுத்த பௌர்ணமி, கோயிலில். தூணோரம் பெண்களோடு நின்றிருந்தேன். வரிசை உட்கார்ந்தாயிற்று. இவருக்கு இடது பக்கம் காலி. சம்பத் தள்ளி, கொடிமரத்துப் பக்கம் நின்றார். எல்லோரும் இவர் வாயைப் பார்க்கிறார்கள், முதல் அடிக்காக. இவர் வாயைத் திறக்கவில்லை. யாரோ செருமினார்.

இவர் எழுந்து நின்றார்.

"எனக்கு இடது காது கேக்காது. இப்பதான் தெரிஞ்சுது. சம்பத் ஒரு நாளும் சொல்லாம இருந்ததில்லை. அன்னிக்கு நான் சொன்னது அபசாரம். அடியெடுத்துக் கொடுக்க வேற யாரையாவது வெச்சுக்கறதுன்னாலும் சரி."

எதிர் வரிசையில் மூத்தவர் ஒருவர், "அடியெடுக்க வாய்தானே வேணும்? ஆரம்பியும்" என்றார். அவ்வளவுதான்.

சம்பத் வந்தார். பழக்கதோஷம், நேராக இடது பக்கம் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்தார். சுற்றிக்கொண்டு வந்து, வலது பக்கம் இருந்தவரைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு அங்கே உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தூணுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஹெட்போன்? வாங்கியாயிற்று. அந்தக் கடைக்காரரே இரண்டு பக்கத்து வயரையும் ஒன்றாகச் சேர்த்து, வயலினும் மிருதங்கமும் வலது காதிலேயே வருகிற மாதிரி செய்து கொடுத்தார். பெண் நிம்மதியாக பிசிக்ஸ் படிக்கிறாள். ஆகவே, ஹெட்போன் வாங்கப் போகிறவர்களுக்கு என் ஒரே யோசனை — குறை சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை மாற்றிப் போட்டுப் பாருங்கள். மனுஷர்கள் விஷயத்திலும் அப்படித்தான்.

அந்தப் பௌர்ணமியன்று கோயில் இட்லியும் கையுமாக ஸ்கூட்டரில் திரும்பும்போது இவர் சொன்னார், "சம்பத் என்ன கத்து கத்தறான். இருக்கற காதும் போயிடும் போலிருக்கு."

"அப்போ பழையபடி இடது பக்கமே உட்காரச் சொல்லட்டுமா?" என்று அவருடைய இடது தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

பதில் வரவில்லை. கேட்கவில்லையா, கேட்காத மாதிரியா — அதைக் கண்டுபிடிக்கிற டாக்டர் இன்னும் பிறக்கவில்லை.