நாலு கண்ணி நிலம்

1. சிரித்த முகம்

ஒரு காணியை அளந்து முடித்துப் புறப்படும்போது இரண்டு பக்கத்தாரும் சிரித்த முகத்தோடு வாசற் படலைவரை வந்து வழியனுப்பினால், சர்வேயர் எங்கோ பிழைவிட்டிருக்கிறார். சரியாக அளந்தவரை ஒரு பக்கத்தார் மட்டுமே வழியனுப்புவார்கள். சில வேளைகளில் ஒருவரும் வரமாட்டார்கள், நாய்தான் வரும். என்னை எப்போதும் இரண்டு பக்கத்தாரும் வழியனுப்பினார்கள். பன்னிரண்டு வருடங்களாக அதை என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் லைசென்ஸ் எடுத்து, உடுப்பிட்டியில் இருந்துகொண்டு வடமராட்சிக் காணிகளை அளந்தேன். கல்லூரியில் கணிதத்துக்குப் பரிசு வாங்கியவன். நான் தொழில் பழகிய பெரிய சர்வேயர் முதல் நாளே சொன்னார்: "தம்பி, உமக்குக் கணக்கு வரும். முகந்தான் சரிவராது. வெத்திலைத் தட்டத்தைக் கண்ட உடனை சிரிக்கிறீர்."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். முதல் நாளே தொழிலை விட்டிருக்கலாம்.

என்னோடு சங்கிலி பிடித்தவர் கந்தர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் சங்கிலியின் கண்ணியை எண்ணுவதில் அவர் பிழைவிட்டு நான் கண்டதில்லை. ஒரு சங்கிலிக்கு நூறு கண்ணி, அறுபத்தாறு அடி. ஒரு கண்ணி எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. கந்தர் மறுமுனையில் நின்று எண்ணைக் கூவுவார். நான் அதைத் திருப்பிக் கூவிவிட்டு பீல்ட் புக்கில் எழுதுவேன். கூவினதுதான் எழுத வேண்டும். தொழிலின் முழு நேர்மையும் அவ்வளவுதான்.

எனக்கோ, ஒருவர் முகம் சுளித்தால் அன்று சோறு இறங்காது. ஒரு வீட்டுக் கோப்பியைக் குடித்தால் மற்ற வீட்டாருக்கு மனம் நோகுமே என்று அங்கேயும் போய்க் குடிப்பேன். அதற்கு நடுநிலைமை என்று பெயர் வைத்திருந்தேன். ஒருநாள் பின்னேரம் சங்கிலியை மடித்துக்கொண்டே கந்தர் சொன்னார்: "இண்டைக்கு மூண்டு பரப்புக் காணி, ஆறு கோப்பி. காணி கூடக் கூட ஐயாவின்ரை வயிறு என்ன பாடுபடப்போகுதோ."

2. மாமரம்

கரவெட்டியில் இரண்டு சகோதரிகள். மூத்தவர் அன்னப்பிள்ளை, கணவரை இழந்தவர். இளையவர் தங்கமுத்து. தகப்பன் சீதனமாகக் கொடுத்த இரண்டு காணிகளும் பக்கம் பக்கமாக இருந்தன. தெருப் பக்கத்து எல்லைக்கல் இருந்தது. பின்பக்கத்துக் கல்லைக் காணவில்லை. அந்தக் கல்லைத் திரும்ப நாட்டி, இரண்டு கல்லுக்கும் இடையே நேர்கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு காலை வேலை.

ஆனால் கோடு போகும் வழியில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் நின்றது.

"சர்வேயர் ஐயா, உந்த மரம் என்ரை கையாலை வந்தது. நான் கொட்டையைப் புதைச்சு, நான் தண்ணி ஊத்தினனான். இவளுக்கு அப்ப பல்லு முளைக்கேல்லை" என்றார் அன்னப்பிள்ளை.

"நட்டது அக்கா எண்டால் நிலமும் அக்காவின்ரையோ?" என்றார் தங்கமுத்து. "நாளைக்கு அக்கா நெல்லியடிச் சந்தையிலை ஒரு கொட்டையைத் துப்பினால், சந்தையும் அவவின்ரையே?"

"பாத்தியளே ஐயா, வாயை! இதுக்கும் நான்தான் பாலூட்டி வளத்தனான்."

தங்கமுத்துவின் காணி உறுதிப் பத்திரத்தோடு இருந்த பழைய பிளானை முதல் நாளே வாசித்துவிட்டேன். அவருடைய காணியின் பின்பக்கக் கிழக்கு மூலையிலிருந்து பின்கல் வரை ஒரு சங்கிலி இருபது கண்ணி. கந்தரும் பக்கத்தில் நின்று கேட்டார். அதன்படி கோடு போட்டால் மரம் முழுவதும் தங்கமுத்துவுக்கு. மரத்தின் நடுவுக்கும் கோட்டுக்கும் இரண்டு கண்ணி இடைவெளி.

அடுத்த நாள் காலை அன்னப்பிள்ளை மரத்தடியில் வந்து நின்றார். சண்டை பிடிக்கவில்லை. சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அளக்கிறபடி அளவுங்கோ" என்றார். சண்டை பிடித்திருந்தால் நான் தப்பியிருப்பேன்.

மனதுக்குள் கணக்குப் போட்டேன். மரம் தெருக்கல்லுக்கும் பின்கல்லுக்கும் நடுவில் நிற்கிறது. பின்கல்லை நாலு கண்ணி கிழக்கே, தங்கமுத்துவின் பக்கம், தள்ளினால், மரத்தடியில் கோடு இரண்டு கண்ணி நகரும். அடிமரத்தை நடுவாலே பிளந்துகொண்டு போகும். ஆளுக்குப் பாதி மரம். இதைவிட அழகான நீதி உண்டா?

கந்தர் பின்பக்கத்திலிருந்து கூவினார்: "ஒரு சங்கிலி இருபது!"

நான் திருப்பிக் கூவவில்லை. "கந்தர், பதினாறிலை முளையை இறுக்கும்" என்றேன்.

"இருபது எண்டெல்லோ நேற்று வாசிச்சியள்?"

"பிழையா வாசிச்சிட்டன். பழைய மை, மங்கிப்போச்சு."

கந்தர் என்னைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார். பிறகு மரத்தடியில் நின்ற அன்னப்பிள்ளையைப் பார்த்தார். பதினாறில் முளையை அடித்தார். வழக்கத்தைவிட நாலு தரம் கூடுதலாக அடித்தார் என்று ஞாபகம்.

ஆளுக்குப் பாதி என்றதும் இரண்டு சகோதரிகளும் முதலில் முறுகினார்கள், பிறகு சிரித்துவிட்டார்கள். படலைவரை வந்தார்கள். எங்கள் இருவருக்கும் ஆளுக்கோர் ஓலைக் கடகம் மாம்பழம் தந்தார்கள். கந்தர் தன் பங்கைத் தொடவில்லை. பல்வலி என்றார்.

3. துலாக்கால்

கோடு என்பது நாம் விரும்பும் இடத்தில் மட்டும் நகரும் பொருள் அல்ல. மரத்தடியில் இரண்டு கண்ணி நகர்ந்த கோடு, பின்பக்கத்தில் நாலு கண்ணி நகர்ந்திருந்தது. அங்கே தங்கமுத்துவின் கிணறு. கிணற்றைக் கோடு தொடவில்லை. ஆனால் தண்ணீர் இறைக்கும் துலாவைத் தாங்குகிற துலாக்கால், புதுக் கோட்டுக்கு அந்தப் பக்கம், அக்காவின் காணிக்குள் நின்றது. மரத்தையே பார்த்துக்கொண்டிருந்த நான் அதைப் பார்க்கவில்லை. பிளானில் வரைந்தபோதும் பார்க்கவில்லை. கணிதத்துக்குப் பரிசு வாங்கியவன்!

வேலி அடைக்கிற காலம் வந்தபோது அன்னப்பிள்ளையின் ஆட்கள் புதுக் கல்லைப் பார்த்துக் கதியால் தடிகளை நட்டுக்கொண்டு போனார்கள். துலாக்கால் வேலிக்கு அங்கால் போய்விட்டது. தங்கமுத்து உடுப்பிட்டிக்கே வந்தார்.

"ஐயா, எனக்குப் பாதி மரம் தந்தியள், சரி. கிணத்தையும் பாதியாக்கிப் போட்டியளே! இனி நான் தண்ணி அள்ளுறதெண்டால் அக்காவிட்டைக் கேட்டே துலா மிதிக்கிறது?"

"அக்காவோடை கதைச்சுப் பாருங்கோவன், பிள்ளை."

"கதைச்சனான். சர்வேயர் ஐயா நாட்டின கல்லு, கடவுள் வந்தாலும் அசையாதாம்."

என்னைப் பற்றி அவ்வளவு நல்ல வார்த்தையை ஒருவரும் அதற்கு முன் சொன்னதில்லை. அன்றைக்கே அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு முகங்கள் சுளித்திருக்கும், அவ்வளவுதான். நான் கோப்பி கொடுத்து அனுப்பினேன். அவர் நேரே பிரக்கிராசியாரிடம், அந்த நாள் வக்கீலிடம், போய் வழக்குப் போட்டார்.

4. சாட்சிக் கூடு

பருத்தித்துறை நீதிமன்றத்தில் தங்கமுத்துவின் பிரக்கிராசியார் இரண்டு பிளான்களையும் விரித்து வைத்தார்.

"பழைய பிளானில் நூற்றிருபது கண்ணி. உங்களுடையதில் நூற்றுப்பதினாறு. நாலு கண்ணி எங்கே போனது?"

நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். கேள்வி ஆங்கிலத்தில் வந்தது என்பது ஒரு காரணம். கந்தர் வெளி விறாந்தையில் நிற்கிறார், அவருக்கு ஆங்கிலம் விளங்காது என்பது மற்றக் காரணம். சங்கிலியின் மறுமுனையில் நிற்பவர் சொல்வதைத்தான் சர்வேயர் எழுதுகிறார், சங்கிலிக்காரர் எண்ணுவதில் பிழைவிட்டிருக்கக்கூடும் என்றேன்.

ஆனால் நீதிமன்றத்தில் ஆங்கிலத்தைத் தமிழாக்கும் துவிபாஷி ஒருவர் உண்டு என்பதை மறந்துவிட்டேன். அவருக்கு நல்ல குரல். "சங்கிலிக்காரனுக்கு எண்ணத் தெரியாது என்று சர்வேயர் சொல்லுகிறார்" என்று விறாந்தை மட்டுமல்ல, தெருவும் கேட்கும்படி சொன்னார்.

திரும்ப அளக்கும்படி வேறொரு சர்வேயருக்கு நீதிமன்றக் கமிஷன் போனது. அவர் நூற்றிருபதை அளந்து கல்லை மாற்றினார். மரமும் துலாக்காலும் தங்கமுத்துவிடம் போயின. அன்னப்பிள்ளை தங்கையோடு கதைப்பதை விட்டார். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. சங்கிலிக்காரரின் கவனக்குறைவு என்று முடிந்தது.

வீடு திரும்பும் வழியில் கந்தர் எனக்கு முன்னால் நடந்தார். வழக்கமாகப் பின்னால் வருபவர். சந்தியில் நின்று, தோளில் கிடந்த சங்கிலியை இறக்கி என் கையில் தந்தார்.

"இந்தாங்கோ ஐயா. எண்ணத் தெரிஞ்ச ஒருதரிட்டைக் குடுங்கோ."

"கந்தர், அது நான் வேணுமெண்டு..."

"ஐம்பது வயது வரப்போகுது எனக்கு. எண்ணத் தெரியாதெண்டு இண்டைக்குத்தான் தெரிஞ்சுது. நல்லகாலம், படிச்ச ஆள் ஒருதர் கண்டுபிடிச்சுச் சொன்னார்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

5. பதினொரு மாதம்

அதன்பின் ஒரு சர்வேயரும் கந்தரைக் கூப்பிடவில்லை. எண்ணத் தெரியாத சங்கிலிக்காரர் எதற்கு? அவர் வேலி அடைக்கப் போனார். பனையோலைக் கருக்கு அறுத்த கையோடு அவரைத் தெருவில் கண்டால் நான் சைக்கிளை பக்கத்துச் சந்து ஒழுங்கைக்குள் திருப்புவேன். கரவெட்டி ஒழுங்கைகள் எல்லாம் அப்படித்தான் எனக்கு மனப்பாடமாயின.

புதுச் சங்கிலிக்காரர் எண்ணைக் கூவும்போதெல்லாம் "சரியோ? வடிவாப் பாத்தீரோ?" என்று இரண்டு தரம் கேட்டேன். ஒருநாள் அவர் அலுத்துப்போய், "ஐயா, நான் கந்தர் இல்லை. எனக்கு எண்ணத் தெரியும்" என்றார்.

அன்று பின்னேரம் ஒரு வீட்டுப் படலையைத் திறந்தேன். வீட்டுக்காரர் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். சங்கிலியை இன்னும் விரிக்கவில்லை. உறுதியை இன்னும் வாசிக்கவில்லை. ஆனால் இந்த மனிதருக்கு எவ்வளவு விட்டுக்கொடுத்தால் சந்தோசப்படுவார் என்று என் கண் வேலியை அளக்கத் தொடங்கிவிட்டது. தொழிலை மாற்ற வேண்டிய வேளை எப்படித் தெரியும் என்று இளைஞர்கள் என்னைக் கேட்பதுண்டு. எனக்கு இப்படித்தான் தெரிந்தது. என் கையில் சங்கிலி இருந்தது. நான் அதைக் கொண்டு நிலத்தை அளக்கவில்லை, முகங்களை அளந்துகொண்டிருந்தேன். இளநீரைக் குடிக்காமல் திரும்பினேன். அந்த வீட்டுக்காரர் படலைவரை வரவில்லை. என் தொழில் வாழ்க்கையில் அதுதான் ஒழுங்கான நாள்.

அடுத்த கிழமை நீதிமன்றத்துக்குப் போய், கந்தர் இருபது என்றுதான் சொன்னார், பதினாறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். நீதவான் ஆங்கிலத்தில் ஏசினார். அதே துவிபாஷி அதைத் தமிழாக்கினார். இந்த முறை கொஞ்சம் உப்புப் புளி சேர்த்தே சொன்னார். அது அவருக்கு நான் கொடுக்க வேண்டியிருந்த வாய்ப்பு. லைசென்ஸை நானே திருப்பிக் கொடுத்தேன். அதில் பெருமை இல்லை. இன்னொரு வாரம் இருந்தால் லைசென்ஸ் தந்தவர்களே கேட்டிருப்பார்கள்.

பிறகு வடமராட்சியில் இருந்த சர்வேயர்மார் மூவரிடமும் நேரில் போய்ச் சொன்னேன். ஒருவர், "உமக்கென்ன விசரே? முடிஞ்ச கதையைக் கிண்டிறீர்" என்றார். ஆனால் அவர்தான் அடுத்த நாள் கந்தரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

கந்தரிடம் போனபோது அவர் கதியால் கூர் சீவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பதினொரு மாதம், ஐயா" என்றார். "நான் எண்ணினனான். பிழையெண்டால் சொல்லுங்கோ."

6. மூன்று யார்

என் மைத்துனருக்கு நெல்லியடியில் ஒரு சீலைக்கடை இருந்தது. அங்கே சேர்ந்தேன். சில வருடங்களில் அதில் பாதி எனக்கானது. ஒரு யார் என்றால் மூன்று அடி, ஒரு கஜம். நூலுக்கு நூல் சரியாக அளந்து, கத்தரிக்கோலை நாலு விரல் தள்ளி வைத்து வெட்டுவேன். வாங்க வந்தவர் சிரிப்பார். அந்த நாலு விரல் என் சீலை. யாருடைய கிணறும் அதில் இல்லை. என் குணம் மாறவில்லை. அது யாரையும் கெடுக்காத இடம் ஒன்றைத் தேடிக்கொண்டேன், அவ்வளவுதான்.

தங்கமுத்து வந்தால் சும்மா போகமாட்டார். "அக்காவுக்காகக் காணியை வெட்டினாப்போலை எனக்குச் சீலையையும் வெட்டிப்போடாதையுங்கோ ஐயா. எனக்கு முழுச் சீலையாய் வேணும்." தமக்கை அவரோடு கதைக்கத் தொடங்க ஆறு வருடம் சென்றது. அந்த ஆறு வருடமும் என் கணக்கில்தான் வரும்.

ஒருநாள் கந்தர் வந்தார். பேத்திக்குச் சட்டை தைக்கச் சீத்தைத் துணி வேண்டும் என்றார்.

"எவ்வளவு, கந்தர்?"

"மூண்டு யார்."

அளந்தேன். கத்தரிக்கோலை நாலு விரல் தள்ளி வைத்தேன். கந்தர் எட்டி, மூன்று யார் முடிந்த இடத்தில் தன் விரலை வைத்தார். கருக்கு அறுத்த தழும்பு அதில் இருந்தது.

"ஐயா, மூண்டு யார்."

"இது என்ரை துணி, கந்தர். நான் ஆசையாத் தாறன்."

"ஓம், உங்கடைதான். ஆனால் எண் என்ரை. நான் சொன்னதிலை வெட்டுங்கோ."

கடையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்கோலை அவருடைய விரலடிக்குக் கொண்டுவந்தேன். பிறகு, காணியில் செய்ய வேண்டியிருந்ததைப் போலவே, எல்லோருக்கும் கேட்கும்படி திருப்பிக் கூவினேன்:

"மூண்டு யார்!"

வெட்டினேன். கந்தர் துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். சிரிக்கவில்லை. நான் கடை வாசல்வரை போய் அவரை வழியனுப்பினேன்.