கன்னியம்மா அக்காவின் பவுடர் டப்பா

இல்லை நண்பர்களே, யாரும் அழவில்லை. வெள்ளானூரில் இன்று எனக்குக் கடைசிச் சனிக்கிழமை. வியாழனன்று பினாங்குக்குக் கப்பல், வீட்டுக்குப் போகிறேன்.

கன்னியம்மா அக்காவுக்கு நான்கு வருடமாக வாராவாரம் தொழுநோய் மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். சம்பளமில்லாத வேலை. அவர் தேறிவிட்டார் என்பதுதான் ஊருக்கு நான் எடுத்துப்போக இருந்த ஒரே பெருமை.

இன்று அவர் முழங்கையில் புதிதாக ஒரு தேமல். தொட்டால் உணர்ச்சி தெரியவில்லை என்றார்.

“மாத்திரை போடறீங்களா அக்கா?”

“பாதிதான் சிஸ்டரு. மீதிய சேத்து வெச்சிகினு கீறேன்.”

பவுடர் டப்பாவைத் திறந்து காட்டினார். முக்கால்வாசி நிறைந்திருந்தது.

“ஏன்?”

“நீதான் ஊருக்குப் பூடுவேன்னு சொன்னியே. அப்பால யாரு குடுப்பா?”

ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தேன். திடீரென்று விட்டுப்போவது மரியாதையில்லை என்று நினைத்தேன்.

“எனக்குப் பதிலா வேற ஆள் வருவாங்க.”

“மின்னாடி இருந்த வெள்ளக்காரம்மாவும் இதயேதான் சொல்லிச்சி. நீ வர ரெண்டு வருசம் ஆச்சி. இந்த ரெண்டு வெரலும் அப்பதான் பூட்ச்சி.” சிரித்தார். “வர்றவங்களயாவது கொஞ்சம் சீக்கிரமா வரச் சொல்லு.”

சேவையைப் பற்றி எழுதச் சொன்னீர்களே நண்பர்களே, இதுதான். நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? எழுதுங்கள், புதன்வரை இந்த முகவரியில்தான் இருப்பேன்.

நான் பையில் மிச்சமிருந்த மாத்திரைகளையும் அந்த டப்பாவில் கொட்டிவிட்டு, பட்டாபிராம் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.