ராஜா நாற்காலியில் செல்லம்மா

போன மாதம் தஞ்சாவூர் புறவழிச்சாலையில் புதிதாக வந்திருக்கும் ஒரு ஏசி மண்டபத்தில் நண்பர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளையும் பெண்ணும் கடைசிவரை நின்றுகொண்டேதான் சிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தங்கப் பூச்சு அடித்த இரண்டு சிம்மாசனங்கள். ஒன்றில் யார் வீட்டுக் குழந்தையோ வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் பரிசுப் பொட்டலங்கள். படம் எடுக்கப் பக்கத்தில் போய் நின்றபோது அந்த வெல்வெட் துணியின் வாசனை மூக்கில் ஏறியது. ஈரம், பழைய சந்தனம், லேசாகச் சாம்பார். எந்த ஊர் வெல்வெட்டாக இருந்தாலும் வாடகைக்கு விட்டால் இந்த வாசனைதான் வரும். இது என் தொழில்முறை அபிப்பிராயம்.

ஆமாம், எனக்கு அப்படியும் ஒரு தொழில் இருந்தது. கல்லூரியை முடித்துவிட்டு அரசாங்க வேலைக்குப் பரீட்சை பரீட்சையாக எழுதிக்கொண்டிருந்த நாட்களில் நன்னிலத்தில் சித்தப்பாவின் வாடகைச் சாமான் கடையில் இருந்தேன். படித்தது வரலாறு, தூக்கியது அண்டா. சித்தப்பாவிடம் ஒரு குட்டி லாரி இருந்தது. அதை ஓட்டுவதும் நான்தான். மழையில் நனைந்த ஷாமியானாவை நீங்கள் தூக்கியதுண்டா? தூக்காதவர்கள் பாக்கியசாலிகள். அது துணி அல்ல, செத்த யானை.

அந்தக் கடையில் இருந்தால் ஒன்று நன்றாகப் புரிந்துவிடும். ஊரில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைவிட, யார் எதில் உட்காருகிறார்கள் என்பதுதான் முக்கியம். நிலக்காரர்கள் இருந்த மேலத் தெருவுக்கு மடக்கு நாற்காலி போகும். அந்த நிலங்களில் நட்டு அறுத்தவர்கள் இருந்த தெற்குத் தெருவுக்கு ஜமக்காளம் போகும். இப்படித்தான் என்று யாரும் சட்டம் போடவில்லை. அவர்கள் கேட்டதில்லை, சித்தப்பாவும் கொடுத்ததில்லை. பிறகு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அதற்குத் தெருவும் தெரியாது, மரியாதையும் தெரியாது. யார் உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி கால் விரியும். கொஞ்ச நாளில் தெற்குத் தெருவுக்கும் நீல நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு போக ஆரம்பித்தேன். அதைப் பார்த்துச் சிலர் முகத்தைச் சுளித்தார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சமத்துவம் சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை. கொள்கையினால் அல்ல. எல்லாருக்கும் ஒரே நாற்காலி என்றால் வாடகையும் ஒன்றாகிவிடுகிறதே! அதனால் கும்பகோணத்து ஆசாரி ஒருவரிடம் சொல்லி, மணமக்களுக்கென்று இரண்டு ராஜா நாற்காலிகள் செய்துகொண்டு வந்தார். சிவப்பு வெல்வெட், முதுகுப் பக்கம் மயில், கைப்பிடியில் சிங்கம். சிங்கம் என்று ஆசாரி சொன்னார். எனக்கு அது கோபமாக இருக்கும் பூனை போலத்தான் தெரிந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, கடை வாசலிலேயே, பாலிதீன் உறை போட்டு வைத்தோம். பேருந்துக்கு நிற்பவர்கள் எல்லாம் ஒருமுறை வந்து பூனையைத் தடவிவிட்டுப் போவார்கள்.

செல்லம்மா அக்கா வந்தது அப்போதுதான். தெற்குத் தெருவில் நடவுக்குப் போகும் பெண்களுக்கு அவர்தான் தலைவி. அவர் சொன்னால்தான் வயலில் இறங்குவார்கள், அவர் சொன்னால்தான் கரையேறுவார்கள். ஒரே மகள் மல்லிகாவை நர்ஸ் படிப்பு படிக்கவைத்திருந்தார். தஞ்சாவூரில் வேலையும் கிடைத்துவிட்டது. மாப்பிள்ளை மயிலாடுதுறைப் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார்.

"வா செல்லம்மா, ஜமக்காளம் எத்தனை?" என்றார் சித்தப்பா.

"ஜமக்காளம் இருக்கட்டும் மொதலாளி. நடவு நட்டுகிட்டு இருக்கயில இந்த நாக்காலிய வண்டியில ஏத்திகிட்டுப் போனீங்க. அப்பவே முடிவு பண்ணிட்டேன். எம்பொண்ணு இதுலதான் உக்காரணும்."

முன்பணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். தை மாதம், அறுவடை முடிந்த கையோடு கல்யாணம். சித்தப்பாவுக்குச் சந்தோஷம்தான்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. மல்லிகா கல்யாணத்துக்கு அடுத்த முகூர்த்தத்தில் மேலத் தெருப் பெரிய வீட்டில் கல்யாணம். ஊர் நிலத்தில் பெரும்பகுதி அவர்களுடையது. கோயில் திருவிழாவுக்கு யார் பந்தல் போடுவது என்று முடிவு செய்வதும் அவர்கள்தான். ஒரு நாள் அந்த வீட்டுக் காரியஸ்தர் குடையை ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"என்னப்பா, நம்ம வீட்டுப் பொண்ணு உக்கார்றதுக்கு முந்தி இது தெற்குத் தெருவுக்குப் போகப்போவுதாமே?"

"முன்னாடியே சொல்லி வச்சிட்டாங்க சார்."

"அங்க போன நாற்காலி எங்களுக்கு வேண்டாம். அது மட்டுமில்ல, திருவிழாப் பந்தலையும் யோசிக்க வேண்டியிருக்கும். பாத்துக்க."

சித்தப்பா நல்ல மனிதர். தைரியசாலி என்று சொன்னால் அவரே ஒப்புக்கொள்ள மாட்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு பால்காரரிடம் சொல்லியனுப்பினார், நாற்காலியின் கால் உடைந்துவிட்டது, செல்லம்மாவுக்கு வேறு நல்ல நாற்காலியாகத் தருகிறேன் என்று.

மறுநாள் காலை செல்லம்மா அக்கா வந்து நின்றார். நேராக வேலையிலிருந்து வந்திருக்கிறார், முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. திருவாரூர் பேருந்து வரும் நேரம், எதிரே நல்ல கூட்டம். நான் கரண்டிகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"எந்தக் காலு மொதலாளி ஒடஞ்சது?"

சித்தப்பா நாற்காலியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது வந்து... உள்பக்கமா விரிசல் விட்டிருக்கு செல்லம்மா. உக்காந்தா தாங்காது."

"தாங்குதான்னு பாத்துருவோம்."

பாலிதீன் உறையை உருவி ஒரு பக்கம் வைத்தார். முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து, நன்றாகப் பின்னால் சாய்ந்து, இரண்டு பூனைகளின் தலையிலும் கையை வைத்துக்கொண்டார். எதிரே நின்ற கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியது. அவர் எழுந்தார். அடுத்த நாற்காலியிலும் அதே மாதிரி உட்கார்ந்தார்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் உக்காந்துட்டேனே மொதலாளி! ஊரே பாத்துருச்சு. இனிமே இதப் பெரிய வீட்டுக்கு எப்படி அனுப்புவீங்க?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எதிரே யாரோ கை தட்டினார்கள். சித்தப்பா முகத்தில் முதலில் பயம் வந்தது. அப்புறம் மெதுவாக ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். அவரால் எடுக்க முடியாத முடிவை வேறொருவர் எடுத்துக் கொடுத்துவிட்டார் அல்லவா!

"சரி, எடுத்துக்கங்க" என்றார். அதுவரை செல்லம்மா அக்காவை 'ங்க' போட்டு அவர் பேசி நான் கேட்டதில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் நாற்காலிகளை ஏற்றும்போது, "வாய்க்கால் கரை வழியா சுத்திப் போயிடுடா" என்றார். கரை முழுக்கச் சேறு. போனால் வண்டி இறங்கிவிடும். மேலத் தெரு வழியாகத்தான் போனேன். சிவப்பு வெல்வெட் வெயிலில் பளபளத்தது. பெரிய வீட்டு வாசலில் ஈசிசேரில் சாய்ந்திருந்த பெரியவர் செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்தார். மறுபடி உயர்த்திக்கொண்டார். தெருமுனையில் ஹார்ன் அடிக்கக்கூட மறந்துபோனேன்.

மல்லிகா மகாராணி மாதிரிதான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் நான் மறக்காதது அதற்குப் பிறகு நடந்தது. தாலி கட்டிச் சாப்பாடு முடிந்ததும், நடவுப் பெண்கள் வரிசையாக வந்து ஒவ்வொருவராக அந்த நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். சிலர் வெட்கப்பட்டார்கள், ஒருவர் அழுதேவிட்டார். பாதியிலேயே ஃபிலிம் தீர்ந்துவிட்டது. புகைப்படக்காரர் நல்ல மனசுக்காரர். யாரையும் திருப்பி அனுப்பாமல் கடைசிவரை வெறும் ஃபிளாஷ் அடித்துக்கொண்டிருந்தார்.

பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குத் திருவாரூரிலிருந்து வேறு நாற்காலி வந்தது. திருவாரூரில் அதில் யார் யாரெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. திருவிழாப் பந்தல் சித்தப்பாவின் கையை விட்டுப் போனது உண்மைதான். ஆனால் சுற்றியுள்ள ஊர்களின் தெற்குத் தெருக்கள் எல்லாம் எங்கள் கடையைத் தேடி வந்தன. அந்த வருஷம் வண்டி ஓட்டி ஓட்டி எனக்கு இடுப்பு ஒடிந்தது. நான் பரீட்சையில் தேறாததற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் வீட்டில் இதைத்தான் சொல்லிவைத்திருக்கிறேன்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பெரிய வீட்டுப் பிள்ளைகள் சென்னைக்கும், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போனார்கள். நிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறியது. அதில் ஒரு பகுதியை வாங்கியது தெற்குத் தெருப் பையன்கள்தான். அவர்களுடைய பிள்ளைகளும் படித்துத் திருப்பூர், சிங்கப்பூர் என்று கிளம்பிவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளை, அதுவும் வெளியூரில் என்றால், ஊரில் கல்யாணத்துக்கு எங்கே போவது? சித்தப்பா கடையை மூடிவிட்டார். செல்லம்மா அக்கா இப்போது தஞ்சாவூரில் மகள் வீட்டில் இருக்கிறார். முழங்கால் வலி, ஆனால் குரல் அப்படியே இருக்கிறது.

போன சம்பா நடவின்போது நன்னிலம் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். வயலில் வரிசையாக நட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள், வங்காளத்திலிருந்து வந்தவர்கள். பாட்டு மாதிரி எதையோ கத்திக்கொண்டு அசுர வேகத்தில் நட்டார்கள். தங்கும் இடம் எது என்று கேட்டேன். மேலத் தெருவைக் காட்டினார்கள்.

பெரிய வீட்டைத்தான் பருவத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். கூடத்துத் தேக்குத் தூண்களுக்கு நடுவே கயிறு கட்டி லுங்கிகள் காய்ந்தன. கடுகெண்ணெய் வாசனை வாசல்வரை வந்தது. தரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "அண்ணா, உள்ள வா. சாப்பாடு இருக்கு" என்றார்.

எத்தனையோ கல்யாணத்துக்கு அந்த வீட்டில் சாமான் இறக்கியிருக்கிறேன், எல்லாம் கொல்லைப்புற வழியாகத்தான். முன்வாசல் படியேறக் கூடாது என்று சொல்ல இப்போது தெருவில் ஒருவரும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.