கண்மாய்க்குள் கிடந்த வீடு

ஊருக்குள் கரண்டுக் கம்பம் நட்ட வருடம் எங்கள் வீடு கண்மாய்த் தண்ணீருக்குள் கிடந்தது. வீடு கட்ட அப்பா வெட்டிய வேப்பமரங்களைத்தான் சொல்கிறேன். அத்தனை தடிகளையும் உள்ளே தள்ளி, மேலே கல்லையும் ஏற்றிவிட்டு வந்தார். ஆறு மாதம் ஊறினால்தான் வண்டு தொடாதாம்.

மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கு ஒன்றும் புரியவில்லை. முந்தின வாரம்தான் மணைப்பலகையை மழையில் போட்டதற்காக அம்மாவிடம் முதுகில் வாங்கியிருந்தேன். நனைந்தால் மக்கிப்போகும் என்று அடித்தவள், வீட்டையே நனையப் போட்ட அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது பெரியப்பா வீட்டில் ஓர் அறையில் ஒண்டியிருந்தோம். பெரியம்மா அடுப்பை விட்ட பிறகுதான் அம்மா உலை வைக்க முடியும். தொழுவத்தில் நின்று அவள் அழுததை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் மாதம், ஓடு விலை கேட்க அப்பா மானாமதுரைக்குப் போயிருந்த நாளில், அம்மாவோடு பிறந்த ஒக்கூர் மாமா இரண்டு வெறும் வண்டிகளோடும் நாலு ஆட்களோடும் வந்து இறங்கினார். ஓடிப்போய் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, எங்க மரமெல்லாம் தண்ணிக்குள்ள கெடந்து மக்குது. அப்பா எடுக்க மாட்டேங்குறாக."

"அழாத ஆத்தா, இந்தா எடுத்துருவோம்."

பொழுது சாய்வதற்குள் எல்லாம் கரையேறிவிட்டது. என் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் அப்பா வந்து ஒரு தடியை முகர்ந்து பார்த்தார். "புள்ள பயந்து அழுதுச்சு மச்சான்" என்று மாமா என்னைக் காட்டினார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். "சரி, ஆசாரிய வரச் சொல்லுவோம்" என்றார் அப்பா.

குடிபோன இரண்டாம் வருடம் கூரையிலிருந்து மஞ்சள் மாவு உதிர ஆரம்பித்தது. சோற்றில், பாயில், என் சிலேட்டில். அப்பா வருவதற்குள் அம்மா ஓடி ஓடிக் கூட்டினாள். வேப்பமரத்துக்கே வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தோம். வண்டு அசரவில்லை. கடைசியில் புது மரம் வாங்க உழவு மாட்டு ஜோடி போனது. மாட்டை அவிழ்த்தபோது, என் வாயால்தான் எல்லாம் போச்சு என்று தேம்பினேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு என்னைவிட அதிகமாக அழுதாள். "விடு, ஒன் மேல தப்பில்ல" என்றார் அப்பா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அந்த மாடுகளை நான்தான் விற்றேன் என்று ரொம்ப காலம் நினைத்திருந்தேன். மாமா வந்த அன்று, வண்டிச் சத்தம் கேட்பதற்கு முன்னாலேயே, பெரியம்மாவை முந்திக்கொண்டு அம்மா ஏழு பேருக்கு உலை வைத்திருந்தாள். யாருக்கு இவ்வளவு சோறு என்று கேட்கக்கூட எனக்கு அப்போது தோன்றவில்லை.